ஆறு ஆம்பியர்

சார்ஜர் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் எலக்ட்ரீஷியனுக்குத் தன் கையெழுத்தே கண்ணில் பட்டது. போன வருடம் அவரே பென்சிலால் எழுதிய எண், ஆறு. பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு திருகு. காருக்கு ஏறும் மின்சாரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதில்தான். முப்பத்திரண்டு ஆம்பியர் தாங்கும் கனத்த வயரை அவரே இழுத்திருந்தும், "வயர் சூடாகுது, ஆறுலயே வைங்க" என்று வீட்டுக்காரன் சொன்னதற்கு அன்று மறுபேச்சில்லாமல் தலையாட்டியிருந்தார்.

"முப்பத்திரண்டுல வைங்கண்ணே," என்றாள் அவன் மனைவி. கீழுதடு வெடித்து வீங்கியிருந்தது.

"அவருக்குத் தெரியுமாம்மா?"

அவள் சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கையிலிருந்து தோள் வரை கறுத்த வரிகள். ஒவ்வொன்றும் சார்ஜர் கேபிளின் கனம்.

"போன்ல டைமர் வச்சிருக்காரு. ராத்திரி ஒன்பதுலேருந்து பதினொண்ணு வரைக்கும்தான் ஏறும். ஆறுல ஏறினா ஸ்கூலுக்குப் போய்ட்டு வரலாம், அவ்வளவுதான். எங்கக்கா வீடு நூறு கிலோமீட்டர்ண்ணே."

காரின் பின் சீட்டில் அவள் மகள் பையை மடியில் வைத்து, பெல்ட் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது இருக்கும்.

எலக்ட்ரீஷியன் தான் எழுதிய ஆறை மறுபடி பார்த்தார். இவளைக் கட்டிப்போட்ட கயிற்றுக்கு முடிச்சுப் போட்டது அவர் கைதான். பிரேக்கரை இறக்கி, திருகைக் கடைசிவரை திருப்பி, மறுபடி ஏற்றிவிட்டார். ஒன்பது அடித்ததும், கார் திரையில் இருபது கிலோமீட்டர் என்று நின்றது மளமளவென்று ஏறியது. பதினொன்றுக்கு நூற்றுப்பத்து ஆகிவிடும். அவள் ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்து காத்திருந்தாள். அதற்கு மேல் அங்கே அவருக்கு வேலையில்லை, ஆனாலும் கிளம்ப மனசு வரவில்லை.

ஒன்றை மட்டும் மறந்து தொலைத்தார். திருகைத் தொட்டால் வீட்டுக்காரன் போனுக்குச் செய்தி போய்விடும். முப்பது வருடத் தொழில் பழக்கத்தில், பெட்டியை வெறும் பெட்டி என்றே நினைத்துவிட்டார்.

பத்தரைக்கு கேட் சுவரில் மோதித் திறந்தது. வீட்டுக்காரன் அவள் முடியைப் பிடித்துக் காரிலிருந்து இழுத்து, முகத்தைக் கண்ணாடியில் மோதினான். இரண்டாம் தடவை ரத்தம் தெறித்தது. உள்ளே குழந்தை காதைப் பொத்திக்கொண்டு எண்ணியது. "ஒண்ணு... ரெண்டு..." பழகிப்போன எண்ணிக்கை.

"விடுடா அவள!"

பாய்ந்த எலக்ட்ரீஷியன் ஒரே உதையில் தரையில் கிடந்தார்.

"யாரைக் கேட்டுடா ஏத்துன?"

கைக்கு வேறெதுவும் கிடைக்காமல், அவன் காரில் செருகியிருந்த சார்ஜர் கைப்பிடியைப் பிடுங்கி, கேபிளோடு சுழற்றி அடித்தான். காது கிழிந்தது. அடுத்த அடியில் விலா எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அந்த வலியிலும் ஒன்று உறைத்தது. வயர் செருகியிருக்கும்வரை கார் நகராது. இந்த மடையன் அதைத் தானே பிடுங்கிவிட்டான்.

"போம்மா! வண்டிய எடு!"

அவள் தட்டுத்தடுமாறி எழுந்து உள்ளே விழுந்தாள். அவன் காரை நோக்கித் திரும்பினான். எலக்ட்ரீஷியன் இடுப்புப் பையிலிருந்த பெரிய ஸ்க்ரூடிரைவரை உருவி, அவன் பாதத்தில் பலம்கொண்ட மட்டும் இறக்கினார். ஷூவைத் துளைத்துச் சதைக்குள் போனது. அவன் அலறிக்கொண்டே அவர் முதுகில் விளாசினான். அவர் பிடியை விடவில்லை.

கார் பின்னால் நகர்ந்து அவரைக் கடந்தபோது, மூடாத கதவு வழியே திரை தெரிந்தது. எண்பத்தேழு.

இன்னும் பதிமூன்று கிலோமீட்டர் குறைகிறது. குழந்தை எண்ணும் குரல் தெருமுனையில் தேய்ந்தது. கேபிள் மறுபடி முதுகில் இறங்கியது.

"ஒண்ணு," என்றார் எலக்ட்ரீஷியன்.