யானை இறங்கிய கொடி

ரயில் கார்டுமார் ஆட்டும் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தையற்காரர் ஜெய்னுதீன் கைச்சரக்குதான். பத்து வருஷமாக ரயில்வே தையல் வேலை முழுக்க அவருக்கே வந்தது. அது போனால் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும்.

1918. சயாம் தண்டவாளம் மலாயா தண்டவாளத்தோடு சேர்ந்த வருஷம். சயாம் அதிகாரிகள் தனி ரயிலில் கோலாலம்பூர் வருகிறார்களாம். வரவேற்புக்கு நாற்பது சயாம் கொடி வேண்டுமென்று ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சபாபதி ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். சிவப்புத் துணியில் வெள்ளை யானை! யானையை வெட்டி இரண்டு பக்கமும் வைத்துத் தைப்பதற்குள் ஜெய்னுதீனுக்கு விழி பிதுங்கிவிட்டது.

நாற்பதாவது யானைக்கு வால் தைக்கும்போது சயாமிலிருந்து கடிதம் வந்தது. மனைவி ஹபீபாவின் அண்ணன் கௌஸுக்கு அங்கே துணிக்கடை. "நீலத் துணி எவ்வளவு இருந்தாலும் அனுப்பவும். ஜெர்மனி சண்டையில் சயாம் இங்கிலீஷ்காரர் பக்கம் சேர்ந்த பிறகு ராஜா கொடியை மாற்றிவிட்டார். யானை போய்விட்டது. கூட்டாளி நாடுகளைப் போல சிவப்பு, வெள்ளை, நடுவில் நீலம். இங்கே நீலத்துக்கு அடிதடி."

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜெய்னுதீன் ஓடினார். சபாபதி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ரயில்வே துரையோட கொடிப் புஸ்தகத்துல யானைதான் இருக்கு பாய். துணிக்கடைக்காரன் காயிதத்த நம்பி நான் துரைகிட்ட போய் நிக்கவா? யானைய மாத்துனீங்க, ரயில்வே பக்கமே தலைவச்சுப் படுக்கமுடியாது!"

படித்தவர்களுக்கு இது ஒரு வியாதி. புத்தகம் அச்சான நாளோடு உலகம் நின்றுவிட்டதாக நினைப்பார்கள்.

வீட்டில் ஹபீபா சொன்னாள். "அண்ணன் என்கிட்ட ஆயிரம் பொய் சொல்லிருக்காரு. சரக்கு கேக்குறதுல பொய் சொல்லமாட்டாருங்க."

ஜெய்னுதீன் பயந்துதான் போனார். ஆனாலும் மனம் ஆறவில்லை. "பக்கத்து நாட்டுக்காரன் நம்மாளுகளோட சேர்ந்ததுக்காகக் கொடியவே மாத்திருக்கான். பழசக் கட்டி வச்சா அவன் மூஞ்சிய எங்க வச்சுக்குவான்?"

யானைகளையெல்லாம் பிரித்தெடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கடையிலிருந்த நீலம் முழுவதையும் எடுத்து வெட்டினார்.

ரயில் வர இருபது நிமிஷம் இருக்கும்போது ஸ்டேஷனில் ஜெய்னுதீன் கொண்டுவந்த மூட்டையை அவிழ்த்தார் சபாபதி. ஒரு யானைகூட இல்லை.

"பாவி மனுசா! என் வேலையும் போச்சு லா!"

வேறு வழியில்லை. இருந்த கொடிகளையே அவசரமாகக் கட்டினார். எது மேல், எது கீழ் என்றுகூடப் பார்க்கவில்லை. நல்லவேளை, எப்படிக் கட்டினாலும் அந்தக் கொடி ஒன்றுபோலவே இருந்தது.

விசில் சத்தம். புகைக்கு நடுவே எஞ்சின் வந்தது. அதன் நெற்றியில் படபடத்தது சிவப்பு, வெள்ளை, நீலம்!

ஜெய்னுதீனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

இறங்கிய சயாம் பெரியவர் பிளாட்பாரம் நெடுகப் பார்த்தார். ஒரு கொடியருகே போய் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்து, துரையிடம் ஏதோ கேட்டார். துரை சபாபதியைப் பார்த்தார். சபாபதி வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் அளவு நாடாவோடு ஒருவர் முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் தைச்சேன், துரை."

சயாம் பெரியவர் கை குவித்தார். பிறகு, வெள்ளைக்காரர்கள் அத்தனை பேர் பார்க்க, அந்தத் தையற்காரக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த வருஷப் பெருநாளுக்கு பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகள் எல்லாருடைய புதுச்சட்டை முதுகிலும் ஒரு வெள்ளை யானை. இலவசம். சபாபதி தன் இரண்டு பிள்ளைகளுக்கும் கேட்டு வாங்கிப் போனார்.