அரை மணித்தியாலம் பிந்திய மணிக்கூடு

கலாநிதி சதீசன் கொழும்பிலிருந்து வந்திருந்தார். கதிரையில் இருந்ததும் பையிலிருந்து வெள்ளைக் கையுறை ஒரு சோடி எடுத்து மாட்டிக்கொண்டார். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிற டாக்குத்தர் வீடு மாறி வந்துவிட்டார் என்று நினைத்தேன். என் புருசன் அழகரத்தினத்தின் கைமணிக்கூட்டைத் தொடுவதற்குத்தான் அவ்வளவு ஆரவாரம்.

சண்டை முடிந்த மறுவருசம் அது. சுனாமி கையோடு நிவாரணம் என்று வந்தவர்கள் உயிரோடிருந்தவர்களைத் தேடினார்கள். கடலைக் கண்ணால் காணாத வெல்லாவெளிக்காரனுக்கும் வள்ளம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது வருகிறவர்களுக்குச் செத்தவர்களின் சாமான்கள் தேவைப்பட்டன. சுனாமி நினைவு மண்டபம் ஒன்று கட்டி முடித்திருந்தார்களாம்.

மணிக்கூடு என் மாமனார் வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கியது. சுவிஸ். தினமும் சாவி கொடுக்க வேண்டும். சுனாமிக்கு மூன்றாம் நாள் அழகரத்தினத்தின் உடலை எடுத்தபோது கையில் கிடந்தது. கண்ணாடிக்குள் மண். முள் எட்டரையில் நின்றது.

"அம்மா, இதைத் துடைக்கக்கூடக் கூடாது. அந்த மண்தான் வரலாறு. திருத்தினால் இது வெறும் மணிக்கூடு. இருந்தபடியே இருந்தால்தான் இது சாட்சி" என்றார் சதீசன்.

உண்மையில் நான் அதைத் திருத்தத்தான் இருந்தேன். மகள் யசோதினி அந்த மார்கழியில் ஓ.எல். பரீட்சை எழுத வேண்டும். "அப்பாட மணிக்கூட்டக் கட்டிக்கொண்டுதான் போவன்" என்று ஒரே பிடி. அதற்கு முந்தின கிழமைதான் காத்தான்குடிக்குப் போய் மணிக்கூடு திருத்துகிற உசனார் காக்காவிடம் காட்டியிருந்தேன். அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகி ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"முகத்த மாத்தோணும் தங்கச்சி. புது முள்ளு, புதுக் கண்ணாடி, மேல தங்கத் தண்ணி. திகதி காட்டுற மாதிரியும் செஞ்சி தருவன். முடிஞ்சாப் புறகு உங்கட புருசனே எழும்பி வந்தாலும் மட்டுக்கட்ட மாட்டாரு, இது ஆருட மணிக்கூடெண்டு கேப்பாரு."

"அவரு வந்து மட்டுக்கட்டாட்டி எனக்கென்னத்துக்குக் காக்கா அந்த மணிக்கூடு?" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒருவருக்கு மண் வேண்டும், மற்றவருக்கு மினுக்கம் வேண்டும். நடுவில் நான். சதீசனின் வாய்தான் வென்றது. பெயர்ப்பலகை வைப்போம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள் என்றார். யசோதினி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் கொடுத்துவிட்டேன்.

கடல் வந்தது ஒன்பதுக்கு, முள் ஏன் எட்டரையில் நிற்கிறது என்று இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொண்ணூற்றாறில் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம் தள்ளி, கடைசியில் அரை மணித்தியாலம் முந்தியதாக வந்து நின்றது. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் நாங்கள் அரசாங்க நேரத்துக்கு எழும்பினோம். அந்தப் பக்கம் படுவான்கரை, அரசாங்கத்தோடு சண்டை பிடித்த இயக்கத்தின் கையில். அவர்கள் பழைய நேரத்தை விடவில்லை. இந்தத் துறையில் படகு ஏறினால், ஏறிய நேரத்துக்கு முந்திய நேரத்தில் போய் இறங்கலாம். அப்படியொரு அதிசயம் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது. சனங்கள் படகில் இருந்தபடியே மணிக்கூட்டைத் திருகுவார்கள். போகும்போது பின்னுக்கு, வரும்போது முன்னுக்கு.

அழகரத்தினத்துக்கு வீடு செட்டிபாளையத்தில், வயல் வாவிக்கு அக்கரை வட்டையில். "நெல்லுக்குத் தெரியுமா அரசாங்கம் மாத்தின நேரம்?" என்று அவர் மணிக்கூட்டைப் பழைய நேரத்திலேயே ஓடவிட்டு, முள்ளைத் திருகுவதையே விட்டுவிட்டார். கலியாண வீட்டுக்குப் போனால் பந்தி முடிந்திருக்கும். செத்த வீட்டுக்குப் போனால் பாடை போயிருக்கும். நானும் கத்திப் பார்த்தேன். நாய் வாலை நிமிர்த்தலாமா?

சுனாமி அன்று கடற்கரையில் சொந்தக்காரர் ஒருவரின் புது வீடு குடிபுகல். எட்டு மணிக்கு வந்து எங்களைக் கூட்டிப்போகிறேன் என்று விடியமுன் வயல் வட்டைக்குப் போனவர், தன்னுடைய எட்டு மணிக்கு வந்து சேர்ந்தார். எங்களுக்கு எட்டரை. நான் கட்டியிருந்த சாறியை அவிழ்த்து எறிந்துவிட்டு அடுப்படிக்குள் இருந்தேன்.

அவர் மணிக்கூட்டைத் தூக்கிக் காட்டினார். "நேரம் கிடக்கு புள்ள."

"நீங்களும் உங்கட நேரமும்! நான் வரல்ல."

"சரி, நான் போய் மூஞ்சியக் காட்டித்து வாறன்" என்று சிரித்துக்கொண்டே சைக்கிளை உழக்கினார்.

ஒன்பது மணிக்குக் கடல் வந்தது. அந்தப் புது வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. எங்கள் வளவு வாவிப் பக்கம், தண்ணீர் வேலியோடு நின்றுவிட்டது. அவர் அரசாங்க நேரத்துக்கு வந்திருந்தால் நானும் யசோதினியும் அந்த வீட்டு விறாந்தையில் பலகாரம் தின்றுகொண்டிருந்திருப்போம். நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடுவது அவர் பிந்திய அந்த அரை மணித்தியாலத்தில்தான்.

மண்டபத் திறப்பு விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மணிக்கூடுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் ஒன்பதில் நின்றன. அழகரத்தினத்தின் மணிக்கூடும்தான். மண் அப்படியே இருந்தது. முள்தான் நகர்ந்திருந்தது.

சதீசனைப் பிடித்தேன். "இது எட்டரையிலதானே நிண்டது?"

"அதில் ஒரு சின்னத் தகவல் பிழை இருந்தது அம்மா. மற்றதெல்லாம் ஒன்பது. இது மட்டும் எட்டரை என்றால் பார்க்கிறவர்கள் குழம்பிவிடுவார்கள்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த அரை மணித்தியாலம் யாருடைய நேரம் என்று உங்களுக்குத் தெரியும்தானே. பெரியவர்கள் வருகிற இடம். எதற்கு வீண் பிரச்சினை?"

துடைத்தால் வரலாறு போய்விடும் என்று கையுறை போட்ட ஆள்! ஊருக்குத்தான் உபதேசம்.

எனக்கு உச்சியில் ஏறியது. "என்ட மனிசன் உயிரோட இருக்கக்குள்ள ஒருநாளும் சரியான நேரத்துக்கு வந்ததில்ல. நான் எட்டு வருசம் கத்தியும் திருத்த ஒண்ணாம போன ஆள, செத்தாப் புறகு திருத்த நீங்க ஆரு?"

வாசலில் பிரதம விருந்தினர் ரிபன் வெட்டக் கத்தரிக்கோலோடு நின்றார். நான் பெட்டிக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்துவிட்டேன். பெட்டி திறந்தது. மணிக்கூடு என் கைக்கு வந்தது. பெயர்ப்பலகையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டோம்.

அடுத்த நாள் திரும்பவும் உசனார் காக்கா.

"ஓடினாப் போதும். முகத்தில கைவைக்க வேணாம். கீறலும் கறையும் கிடந்தபடி கிடக்கட்டும்."

"மினுக்கக்கூட வேணாமா?" காக்காவுக்கு மூஞ்சி சுருங்கிப் போயிற்று. "என்ட கடையில செஞ்சதெண்டு ஆருக்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

ஒரு கிழமையில் ஓடியது. நாளுக்குக் கொஞ்சம் பிந்தும், தினமும் பார்த்து வைக்க வேண்டும் என்றார். பிந்தட்டும் என்றேன்.

"எத்தின மணிக்கு வைக்க?"

"அவர்ர நேரத்துக்கு வைங்க காக்கா."

அவர் சிரித்தார். "இப்ப எல்லாருக்கும் அந்த நேரம்தானே தங்கச்சி!"

அது எனக்குத் தெரியாமலா? சுனாமிக்கு அடுத்தடுத்த வருசம் அரசாங்கம் ஒரு சித்திரையில் நேரத்தைப் பின்னுக்குத் திருப்பி, பழையபடி விட்டுவிட்டது. அன்று நான் சுவர் மணிக்கூட்டைத் திருப்பிவிட்டு அதன் கீழேயே இருந்து அழுதேன். ஊரெல்லாம் கேலி செய்த அந்த மனிசனின் நேரத்துக்கு நாடே வந்து சேர்ந்துவிட்டது. "பாத்தியா புள்ள?" என்று என்னைச் சீண்ட அவர்தான் இல்லை.

பரீட்சையின் முதல் நாள் போகும்போது யசோதினி அந்த மணிக்கூட்டைக் கட்டினாள். பட்டி பெரிது, இன்னொரு ஓட்டை போட்டிருந்தது. வாசலில் நின்று அவசரமே இல்லாமல் ஆறுதலாகச் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தாள்.

"பஸ் போகப்போகுது, கெதியா வா" என்று கத்தினேன்.

கையைத் தூக்கிப் பார்த்தாள். "நேரம் கிடக்கும்மா."

நீயும் உன்ட நேரமும் என்று ஏச வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். அவள் கட்டி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.