மலைக்காற்றும் சின்ன ஜெட்டும்

இப்போதைய கார்கள் மலை ஏறினால் தாமாகவே பெட்ரோலைக் குறைத்துக்கொள்கின்றன. எனக்கென்னவோ அந்தப் பழைய வண்டிகள் மேல்தான் இன்னும் ஆசை.

அக்காவுக்குக் கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் பையன் பிறந்தபோது அப்பா கணவாய்க்கு அந்தப் பக்கம், கோடை மேய்ச்சலில் இருந்தார். அங்கே ஏது போன்? நல்ல சேதியை முதலில் கொண்டுவருகிறவர் எதைக் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தம்பி குபாத்துக்குக் குதிரைக்குட்டி மேல் கண். எனக்கு வேறொன்று. தலாந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. அவர் பேச வேண்டும், அவ்வளவுதான்.

சேதி சொல்லக் குபாத்தும் நாங்களும் தனித்தனியே கிளம்பினோம். இரண்டும் ஒரே மாதிரி கார். என் கணவர் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டில் சின்ன ஓட்டையுள்ளதைப் போட்டிருந்தார். பெட்ரோல் மிச்சம், ஆனால் வண்டி இழுக்காது. குபாத் போட்டிருந்தது பெரிய ஓட்டை. அது பெட்ரோலைக் குடிக்கும், பறக்கும்.

"என்ன மச்சான், பெட்ரோலைச் சொட்டு மருந்து மாதிரி விடுறீங்களா?" என்று கத்திக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனான்.

மேலே போகப் போகக் காற்று குறைந்தது. அவன் வண்டிக்குள் கொட்டும் பெட்ரோல் குறையவில்லை. உச்சிக்குச் சற்று முன்னால் கரும்புகை கக்கிக்கொண்டு படுத்துவிட்டது. எங்களுடையது முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது.

"நிறுத்தாதீங்க!" என்றேன்.

"கணவாயில நின்ன வண்டியத் தாண்டிப் போனா நாம மனுஷங்களா, புருல்?"

பிளக்குகளின் கரியைத் துடைத்து, தன்னிடம் உபரியாக இருந்த சின்ன ஜெட்டையும் அவனுக்கு மாட்டிவிட்டார். வண்டி உறுமியது.

"ரொம்ப நல்லவரு மச்சான் நீங்க. கொஞ்சம் லூசும்கூட!"

நாங்கள் ஸ்பேனர்களைப் பொறுக்குவதற்குள் அவன் உச்சியைத் தாண்டி இறங்கிவிட்டான். வழி முழுக்கக் கணவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கூடாரத்து வாசலில் குபாத் குதிரைக்குட்டியைத் தடவிக்கொண்டிருந்தான். அப்பா எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"பேரன் யாரு ஜாடைன்னு கேட்டா இந்தக் கழுத முழிக்குது. பிள்ளையப் பாக்காமலே ஓடியாந்திருக்கான். நீ பாத்தியாம்மா?"

"ஆஸ்பத்திரி ஜன்னல் வழியா காட்டினாங்கப்பா," என்றேன். உங்கள் மூக்குதான் என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.