கன்னிமார் கரை

சர்வேயர் எங்கள் வீட்டோரம் வந்து செருப்பைக் கழற்றியதும், நல்ல மனுசன்தான் போல என்று நினைத்தேன். கழற்றியது எங்களுக்காக இல்லை. எங்கள் சுவரை ஒட்டி மேடையில் இருக்கிற ஏழு கன்னிமாருக்காக. கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, கையிலிருந்த வரைபடத்தை விரித்தார். "கன்னிமார் கோயில், வாய்க்கா கரைன்னு படத்துல போட்டிருக்குதுங்க. அப்ப வாய்க்கா இந்த ஊட்டு மேலதான் வருது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்க்கால் எங்கே ஓடியது என்று என்னைக் கேட்டிருக்கலாம். ரெண்டாயிரத்தில் தவசியைக் கட்டிக்கொண்டு உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூர் வந்த புதிதில், அந்த வாய்க்காலில் சட்டி கழுவப் போய்க் கையை நீலமாக்கிக்கொண்டு வந்தவள் நான். அப்போது ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பழைய பஞ்சு ஆலை, ஓட்டுக்கூரை. அதன் பின்சுவரை ஒட்டி வாய்க்கால். கரையில் வேப்பமரத்தடியில் கன்னிமார். சாயப்பட்டறையில் என்ன ஆர்டரோ, அன்றைக்கு அந்த நிறத்தில் தண்ணீர் போகும். சிவப்பு ஓடினால் தவசிக்குக் கொண்டாட்டம், கிறிஸ்துமஸ் ஆர்டர் வந்துவிட்டது, இனி ஒன்றரை ஷிஃப்ட் ஓடும் என்பார். நாறிப்போன தண்ணீரைப் பார்த்துச் சந்தோசப்பட்ட சனங்கள் நாங்கள்தான், வேறு யார்.

பிறகு பூபாலன் மொதலாளி ஆலையை வாங்கினார். ஓட்டைப் பிரித்துத் தகரம் போட்டார். தகரத்தைப் பிரித்து மாடி கட்டினார். முகப்புக்குக் கண்ணாடி ஒட்டினார். லாரி திரும்ப இடமில்லை என்று வாய்க்கால்மேல் சிலாப் போட்டார். ஒரு மழைக்காலம் சும்மா இருந்துவிட்டு, சிலாப்மேல் தூண் எழுப்பி, தைத்த பனியனில் பழுது பார்க்கிற செக்கிங் ஹால் கட்டினார். வாய்க்கால் ஹாலுக்கு அடியில் போய்விட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஹாலில்தான் எனக்கு வேலை.

கன்னிமார் மட்டும் ஹாலுக்கு இடைஞ்சலாக இருந்தார்கள். சாமியை இடிக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? மொதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார். வாய்க்காலை விட்டு நன்றாகத் தள்ளி ஒரு துண்டு இடம் வாங்கி, சீட்டுப் பணத்தில் நாங்கள் வீடு கட்டியிருந்தோம்.

"தவசி, சாமி அங்க லாரிப் பொகையில கெடக்கறாங்க. உங்க செவுத்தோரமா மேடை கட்டிக் குடுத்தர்றனுங்க. ஆனா நீங்கதான் தூக்கிட்டு வரோணும். சுத்தபத்தமான ஆளுங்க நீங்க" என்றார்.

எத்தனை வருசம் இருந்தாலும் எங்களுக்குப் பெயர் தெக்கத்தி ஆளுகதான். அப்படிப்பட்டவன் தோளுக்கு உள்ளூர்ச் சாமி. தவசிக்குத் தலைகால் புரியவில்லை. கறியை விட்டார், பீடியை விட்டார். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளிக்க, ஒவ்வொரு கல்லாகத் தோளில் தூக்கி வந்தார். நான் குலவை போட்டேன். தெருவே பொங்கல் சாப்பிட்டது. "இனி இதுவும் நம்ம ஊருதேன் புள்ள" என்றார் அந்த மனுசன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

போன மழையில் ஸ்டேஷன் ரோடு முழுக்க வெள்ளம் நின்றதால், வாய்க்காலை அளந்து மீட்கச் சொல்லி உத்தரவு. எல்லைக்கல்லெல்லாம் கான்கிரீட்டுக்கு அடியில். படத்தில் மிச்சமிருந்த அடையாளம் கன்னிமார்தான்.

"சார், சாமி இங்கன இல்ல. அந்தா அந்த ஹால் இருக்குல்ல, அங்கன இருந்துச்சு. பெறகுதான் இங்க கொண்டாந்து வச்சாக" என்றேன்.

மொதலாளி பக்கத்தில்தான் நின்றார். முகம்கூட மாறவில்லை. "கன்னிமார நகத்துவாங்களா அம்மிணி? எங்கப்பாரு காலத்துலிருந்து இங்கதானுங்க சார் இருக்கறாங்க."

தெருவைப் பார்த்தேன். பொங்கல் தின்ற வாய் ஒன்றும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு மயிலாள், என்னோடு அதே ஹாலில் வேலை செய்கிறவள், தலையைக் குனிந்துகொண்டாள்.

தவசிதான் முன்னால் வந்தார். "நாந்தேன் சார் தூக்கியாந்தேன். இந்தத் தோள்லதேன்."

சர்வேயர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யோசிச்சுப் பேசுங்க. பொறம்போக்குல இருந்த அடையாளத்த நீங்களே எடுத்துட்டு வந்து உங்க எடத்துல வெச்சுட்டீங்கன்னா, அது கேஸுங்க. எழுதிக்கட்டுங்களா?"

தவசி மொதலாளியைப் பார்த்தார். மொதலாளி சர்வேயரின் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க சார். ஊடு போகுதேங்கற வெசனத்துல பேசறாங்க. பாவமுங்க, கேஸெல்லாம் வேண்டாம்."

காப்பாற்றிவிட்டாராம். அந்த இரக்கம் பேசிய நாக்கு அழுகிப் போக.

ஜேசிபி வந்த அன்றைக்கு அதை ஓட்டியவரும் செருப்பைக் கழற்றினார். கன்னிமாரைக் கும்பிட்டுவிட்டு, மேடையில் ஒரு செங்கல்கூடப் பெயராமல் சுற்றிக்கொண்டு போய், எங்கள் அடுப்படியில் கொண்டுபோய்ப் பல்லை வைத்தார். பிறகு அந்த இடத்தில் அழகாகக் கான்கிரீட் வாய்க்கால் கட்டி, கம்பி வேலியும் போட்டார்கள். நாங்கள் அருள்புரத்தில் வாடகைக்குப் போனோம். தவசி அந்த வீட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. குளிக்கும்போது அந்த ஒரு தோளை மட்டும் தோல் சிவக்கத் தேய்க்கிறார்.

வேலையை நான் விடவில்லை. விட்டால் எதைத் தின்பது? ஐப்பசியில் மழை பிடித்த ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் போய்ப் புது வாய்க்காலை எட்டிப் பார்த்தேன். தரை நனைந்திருந்தது, அவ்வளவுதான். கட்டிங் வேஸ்ட் துணி நாலைந்து ஒட்டிக் கிடந்தது.

ஹாலுக்குத் திரும்பி, வாசலில் செருப்பை விட்டுவிட்டு மேசைக்கு வந்து பனியனை விரித்தேன். கரண்ட் போய் மாடியில் மிஷினெல்லாம் நின்றிருந்தன. வெறுங்காலுக்குக் கீழே சிலாப் லேசாக அதிர்ந்தது. அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. எதிர் மேசை மயிலாள் என்னைப் பார்த்தாள். தரையிலிருந்து காலை மட்டும் தூக்கி, ஸ்டூல் கம்பிமேல் வைத்துக்கொண்டாள்.