பகல் தூக்கத்தில் பேசியவை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவே சொல்லும். சொல்லட்டும். பேசவே பேசாத ஒரு மனிதரோடு பதினெட்டு வருடம் குடித்தனம் பண்ணிப் பார்த்தால் அவர்களுக்கும் வரும். எங்கள் வீட்டுக்காரருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் புருவமெல்லாம் மாவோடு வருவார். குளித்து, சாப்பிட்டு, உள்ளறையில் பச்சைத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார். எழுந்தாலும் "ம்", "சரி", "தண்ணி", அவ்வளவுதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம் போல.

ஆனால் தூக்கத்தில் பேசுவார்.

அதை முதலில் கேட்டது நான்கு வருடத்துக்கு முன்னால். முன்னறையில் மிஷினில் உட்கார்ந்து ஒரு பேன்ட்டின் நீளத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன். நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, பிரித்துத் தைப்பது, இதுதான் என் தொழில். உள்ளேயிருந்து குரல் வந்தது. "மைனா, படி ஈரமா இருக்கு. பாத்து வா." எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை "இந்தா" என்பதற்கு மேல் அவர் கூப்பிட்டதில்லை. யார் அந்த மைனா?

வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று அன்றைக்கே கேட்டிருப்பேன். "நான் எங்க சொன்னேன்" என்று சாதித்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பொறுத்தேன். ஆதாரம் வேண்டுமே. மறுநாளிலிருந்து அவர் முனக ஆரம்பித்ததும் போனில் குரல் பதிவை அழுத்தித் தலையணை ஓரத்தில் வைத்துவிடுவேன். மூன்று வாரம் சேர்த்தேன். எந்தக் கிழமை சண்டை போடுவது என்றுகூட முடிவு பண்ணியாகிவிட்டது. அப்போது ஒருநாள், "மைனா, உன் மிஷின்ல ஊசி மழுங்கியிருக்கு, மாத்திடு" என்றார். போய்ப் பார்த்தேன். மழுங்கித்தான் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, ஒரு பாடு அழுதேன்.

அதற்குப் பிறகு பதிந்ததெல்லாம் ஆதாரத்துக்கு இல்லை, ஆசைக்கு. அந்தப் பச்சை வெளிச்சத்தில், மாவு வாசனை போகாத அந்த அறையில், அவர் எங்கெங்கோ போவார். போகிற இடத்துக்கெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். பஸ்ஸுக்குள் மழை பெய்யும். கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பதில் இலை கொடுப்பார். "பத்திரமா வை மைனா, எறங்கும்போது கேப்பாங்க" என்பார். இன்னொரு நாள் ஒரு வீடு. ஒரு அறையைத் திறந்தால் அதைவிடப் பெரிய அறை, அதைத் திறந்தால் இன்னும் பெரியது. கடைசி அறையில் நான் உட்கார்ந்து கடலுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தேனாம். "அவ்வளவு துணிக்கு எங்க போறது" என்று தூக்கத்திலேயே கவலைப்பட்டார். ஒரு தடவை ரொட்டித் தட்டில் மேகம் பொங்கிவிட்டது. "அதை விக்காதீங்க, அது எங்க வீட்டுக்கு" என்று யாரிடமோ கெஞ்சினார்.

தைக்கும்போது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இதைத்தான் கேட்பேன். பாட்டு கேட்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வெட்கப்பட்டுத் தூக்கத்திலும் வாயை மூடிக்கொள்வார் என்று பயம். விழித்திருக்கிற மனிதர் எனக்குச் சம்பளமும் சாப்பாடும் தந்தார். என்னோடு பேசின புருஷன் அந்தப் போனுக்குள்தான் இருந்தார்.

போன வருடம் அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் நான் எண்ணிப் பார்த்தேன். முப்பது எண்ணியும் வரவில்லை. உலுக்கி எழுப்பி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய். அதை மாட்டிக்கொண்டு படுத்தால் மூச்சு சீராக வருகிறது. முகத்தில் தெளிவு வந்துவிட்டது. பேச்சு நின்றுவிட்டது. வாயைக் கட்டிக்கொண்டு எப்படிப் பேசுவார்? மூச்சு வந்ததே பெரிய விஷயம் என்று தெரியும். தெரிந்தால் மட்டும் ஏக்கம் போய்விடுமா? மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பதிவு. இனிமேல் இருநூற்றுப் பதினைந்து கிடையாது.

இந்த நிலைமையில்தான் கொழுந்தனார் எனக்கு ஒரு புதுப் போன் வாங்கி அனுப்பினார். பார்சலைப் பிரிப்பதற்குள் நாத்தனாரின் அழைப்பு வந்துவிட்டது.

"அண்ணி, அந்தப் பழைய போனை எனக்குக் குடுத்துடுங்க. என்னோடது கண்ணாடி ஒடஞ்சு கையைக் கிழிக்குது. ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்."

"போனு தரேன். உள்ள இருக்கிறதைத் தரமாட்டேன்."

"உள்ள அப்படி என்ன அண்ணி வெச்சிருக்கீங்க, புதையலா?"

"உங்க அண்ணனை" என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தெருமுனைப் போன் கடைக்காரத் தம்பியிடம் போனேன். ஃபேக்டரி ரீசெட் பண்ண வேண்டும், ஆனால் எனக்கு வேண்டியது ஒன்றுகூடப் போகக்கூடாது, எப்படி என்று கேட்டேன். அவர் ஒரு போனைத் திருகிக்கொண்டே அடுக்கினார். நான் கொண்டுபோன பிரவுன் காகிதத்தில் தையல் சாக்பீஸால் எழுதிக்கொண்டேன்.

"சார்ஜ் பாதிக்கு மேல இருக்கணும்க்கா. நடுவுல அணைஞ்சா வம்பு. லாக்கை எடுத்துடுங்க. அக்கவுண்டையும் செட்டிங்ஸ்ல போயி எடுத்துடணும். இல்லன்னா திரும்ப ஆன் பண்றப்போ பழைய பாஸ்வேர்டைக் கேட்டு அடம் பிடிக்கும், உங்க நாத்தனார் உங்களுக்குப் போன் பண்ணித் திட்டுவாங்க. சிம், மெமரி கார்டு ரெண்டையும் கழட்டிடுங்க. அப்புறம்தான் அழிக்கணும். எல்லாத்துக்கும் முன்னாடி, வேணுங்கிறதை நெட்டுல, உங்க அக்கவுண்டுக்கு மேல ஏத்திடுங்க."

"மேல ஏத்தமாட்டேன்."

"ஏன்க்கா?"

ஏன் என்றால், என் அக்கவுண்டைத் தொடங்கிக் கொடுத்ததே கொழுந்தனார்தான். அது அவர் வீட்டு டிவியோடும் சேர்ந்திருக்கிறது. முன்பு ஒரு தடவை, பாதி தைத்த பாவாடையை இடுப்பில் குத்திக்கொண்டு அளவுக்காக நான் எடுத்த படம், விருந்தாளிகள் நிறைந்த அவர் வீட்டு டிவியில் ஓடியது. அதே டிவியில் நாளைக்கு "மைனா, படி ஈரமா இருக்கு" என்று ஓடினால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவேன்? இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்ல முடியுமா? "எல்லாம் கார்டுல போட்டுக்கிறேன்" என்றேன். "அதுவும் சரிதான்" என்றார். அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை அவர் படுத்ததும் ஆரம்பித்தேன். அளக்காமல் நான் எதையும் வெட்டுகிறவள் இல்லை. பதிவுகள் எல்லாம் கார்டில்தான் இருக்கின்றனவா என்று போனைக் கேட்டேன். கார்டில்தான் என்றது. எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு. இன்னொரு தடவை எண்ணினேன். நடுவிலிருந்து ஒன்றைத் திறந்தேன். பஸ்ஸுக்குள் மழை பெய்தது. திருப்தியாக இருந்தது. அக்கவுண்டை எடுத்தேன், லாக்கை எடுத்தேன், சிம்மைக் கழற்றினேன். கார்டையும் கழற்றிப் பொத்தான் டப்பாவில் வைத்து மூடினேன். பிறகு செட்டிங்ஸில் கடைசி வரை போய், எல்லாவற்றையும் அழி என்பதை அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம்தான். திரை கருத்து, வெளுத்து, யாரென்றே தெரியாதவளிடம் பேசுவது மாதிரி வணக்கம் சொன்னது.

கார்டைப் புதுப் போனில் போட்டேன். "இந்தக் கார்டைப் படிக்க முடியவில்லை. ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டது. கழற்றித் துடைத்துப் போட்டேன். அதே கேள்வி. பழைய போனிலேயே திரும்பப் போட்டேன். அதுவும் அதையே கேட்டது. செருப்பு மாட்டினேனா இல்லையா என்று ஞாபகமில்லை. கடையில் போய் நின்றேன்.

கடைக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் போட்டுக் குடுத்ததாக்கா? இடம் பத்தலன்னு சத்தம் போட்டீங்களே, அப்போ?"

"ஆமா."

"அப்போ இதைப் போனோட சொந்த இடமா மாத்திக் குடுத்தேன். அப்படி மாத்திட்டா கார்டுல இருக்கிறதெல்லாம் பூட்டித்தான் இருக்கும். சாவி அந்தப் போனுக்குள்ள. நீங்க போனை அழிச்சப்போ சாவியும் சேந்து போயிடுச்சு."

"பூட்டை ஒடைக்க முடியாதா?"

"யாராலும் முடியாதுக்கா. நான்தான் கேட்டிருக்கணும், மறந்துட்டேன். அழிக்கிறதுக்கு முன்னாடி கார்டைப் புதுப் போன்ல போட்டு ஒண்ணாவது ஓடுதான்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவரைக் கிழித்துத் தொங்கவிடத்தான் வாயைத் திறந்தேன். கார்டை மட்டும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். இத்தனை வருடத்தில் ஒரு சட்டையைக்கூட உடம்பில் போட்டுப் பார்க்காமல் நான் திருப்பிக் கொடுத்ததில்லை. இதை மட்டும் பழைய போனிலேயே பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று வெட்டிவிட்டேன். யாரைச் சொல்லி என்ன?

வீட்டுக்கு வந்து மிஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். சத்தம் வராமல்தான் அழுதேன் என்று நினைத்திருந்தேன். நிமிர்ந்தால் அவர் நிற்கிறார். மாஸ்க் பதிந்த கோடு கன்னத்தில் சிவப்பாக இருந்தது. கடிகாரத்தில் மணி ஒன்றுதான்.

"என்ன?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மைனாவைச் சந்தேகப்பட்டதிலிருந்து பொத்தான் டப்பா வரை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நானா பேசினேன்?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா வந்து நம்ம கட்டில்ல படுத்துப் பேசினாரு?"

"என்ன பேசினேன்?"

பஸ்ஸைச் சொன்னேன். கடல் திரையைச் சொன்னேன். மேகத்தைச் சொன்னதும் அவர் முகம் சிறுபிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. அதற்கு மேல் எனக்கு வரவில்லை. எத்தனையோ தடவை கேட்டதுதான். ஆனால் ஒன்றோடு ஒன்று கலந்து, படியில் மழை பெய்தது, பஸ்ஸில் அறை திறந்தது. போன் வைத்திருக்கிறதே என்று நான் எதையும் மனதில் வைக்கவில்லை. அது தெரிந்ததும் மறுபடியும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "மெஷின் இல்லாம படுக்கட்டுமா? ரெண்டு மணி நேரம் தூக்கம் பாக்கி இருக்கு" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "முப்பது எண்ணினேன் அன்னைக்கு. முப்பது. நீங்க பேசணும்னு உங்களைக் காவு குடுக்கச் சொல்றீங்களா? பேச்சும் வேணாம் ஒண்ணும் வேணாம். போய் மாட்டிக்கிட்டுப் படுங்க."

போய்ப் படுத்தார். நானும் பின்னாலேயே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பச்சைத் திரை காற்றில் உப்பி அடங்கியது. அறை முழுக்கத் தண்ணீருக்கடியில் இருப்பது போல ஒரு வெளிச்சம். அவர் மாஸ்கை மாட்டிக்கொள்ளவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிறவர் மாதிரி ஆரம்பித்தார்.

"மைனா... ஒரு பஸ்... பெரிய பஸ்... அதுல வந்து..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நடிக்காதீங்க. உங்களுக்கு வராது," என்றேன். "கனவு வேணாம். கண்ணைத் தொறந்து ஏதாவது பேசுங்க. எனக்கு அதுதான் வேணும். பதினெட்டு வருஷமா அதுதான் வேணும்."

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். விட்டுவிடலாம் என்று நான் எழுந்திருக்கப் போனபோது கையைப் பிடித்தார்.

"பயமா இருக்கு," என்றார்.

"எதுக்கு?"

"இதை மாட்டிக்கிட்டுப் படுக்கும்போதெல்லாம். உள்ள ஏதாவது ஆயிட்டா கூப்பிட முடியாதே. நீ பாட்டுக்கு அந்த ரூம்ல தைச்சிட்டே இருப்பே. மூணு மணி வரைக்கும் உனக்குத் தெரியாது."

மெஷின் வந்த நாளிலிருந்து இதை மனதில் வைத்துக்கொண்டு தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

"இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"சொல்லிட்டேன்ல."

"சரி, தூங்குங்க. நான் இங்கயேதான் இருப்பேன்."

மாஸ்கை மாட்டி, மெஷினைப் போட்டு, என் பக்கம் திரும்பிப் படுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மாஸ்கைக் கழற்றிக் கழுத்துக்கு இறக்கினார்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார்.

"சொல்லுங்க," என்றேன்.