கொசுறாகப் போன பொத்தான்

மதிவதனியின் மூளைக்கு விலை மணிக்கு இருபத்தாறு டாலர். பேசி முடித்தவன் நான்.

எங்கள் தலைமை அலுவலகம் சிகாகோவில். ஆஸ்பத்திரிகளுக்கு இன்சுலின் மாதிரி குளிரில் வைக்கும் மருந்துகளை லாரியில் அனுப்பும் கம்பெனி. எந்த லாரி எங்கே போக வேண்டும், எந்தப் பெட்டியை இறக்கக் கூடாது என்று சொல்லும் மென்பொருள் மட்டும் சரவணம்பட்டியில், பிரியாணிக் கடைக்கு எதிர்க் கட்டடத்தின் நான்காவது மாடியில் எழுதப்படுகிறது. சிகாகோக்காரர்கள் மேடையில் பேசும்போது நாங்கள் 'திறன் மையம்'. விலைப்பட்டியலில் 'கோவை, மலிவு'. என் பெயர் ரிஃபத். அந்தப் பட்டியலைக் காவல் காக்கும் ஒப்பந்த மேலாளர். அத்தா பெரிய கடை வீதியில் ஜவுளி மொத்த வியாபாரி. அவர் மீட்டருக்கு ஐம்பது பைசா இறங்குவதற்குள், வாங்க வந்த ஈரோட்டுக்காரர்கள் மூன்று டீ குடித்துவிடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை புது வெளியீடு போக வேண்டும். அறுபத்தொரு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் கோவையில் ஒருவர் 'முடிந்தது' என்று அமுக்கினால்தான் வெளியீடு நகரும். குழுவை நடத்தும் மதிவதனி அறுபதை அமுக்கிவிட்டு, கடைசி ஒன்றில் கையைக் கட்டிக்கொண்டார்.

காரணம் எளிது. லாரிக்குள் சூடு ஏறினால் ஒரு கருவி சொல்லும். கருவியே ஊமையாகிவிட்டால் பழைய மென்பொருள் சரக்கை நிறுத்திவைக்கும். புதியதோ, சத்தமில்லை என்றால் சௌக்கியம் என்று எடுத்துக்கொண்டு மருந்தை இறக்கிவிடும். இதை மூன்று வாரமாக அவர் எழுதிக்கொண்டிருந்தார். ஆபத்தை ஏற்றுக்கொண்டோம், தேதியை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. முடியாது என்று சொல்ல அவருக்குப் பொத்தானே கிடையாது. 'நிராகரி' என்பது சிகாகோ திரைகளில் மட்டும்தான் தெரியும். எங்களுக்கு ஒன்றே ஒன்று, 'முடிந்தது'.

சாயங்காலம் ஆறரைக்கு வம்சி வீடியோவில் வந்தார். பீளமேட்டில் படித்து, சிகாகோவில் துணைத் தலைவராகிவிட்ட எங்கள் ஊர்க்காரர். அங்கே காலை எட்டு மணி. ஒன்பதுக்கு அவருடைய மேலிடம் கூடுகிறது. அதற்குள் வெளியீடு நகர்ந்தாக வேண்டும்.

வேறு யாரையாவது அமுக்கச் சொல்லுங்கள் என்றார் முதலில். பக்கத்து நாற்காலி ஹரிதா விரலில் சுளுக்கு என்றாள். மற்ற பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"மதிவதனி, ரிஸ்க்கை நாங்க ஏத்துக்கிட்டோம். உங்களுக்கு எதுக்குங்க கவலை?"

"ஊசி போட்டுக்கறது நீங்களாங்க?"

வம்சி தண்ணீர் குடித்தார். பிறகு பதினெட்டு சதவீத ஊதிய உயர்வு, பெரிய பதவிப் பெயர், சிகாகோவுக்கு ஒரு பயணம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"எங்கப்பன் அவிநாசிப் பக்கம் தோட்டத்துல தண்ணி கட்டுனவருங்க," என்றார் மதிவதனி. "வரப்பு ஒடையறது அவருக்குத்தான் மொதல்ல தெரியும். சொன்னா, உன்ற வேலையப் பாருடான்னுவாங்க. நான் சம்பளம் கேக்கலைங்க. வேண்டாம்னு சொல்ற பொத்தான் இந்த மாடிக்கு வேணுங்க."

வேலையை வேறு ஊருக்கு மாற்ற இரண்டு மாதம் போதும் என்று வம்சி நினைவூட்டினார். தாராளமாக மாற்றுங்கள், இன்றைக்கு அமுக்குவது யார் என்று நான் கேட்டேன். முடிவெடுக்கும் உரிமை சிகாகோவுக்கே என்று ஒப்பந்தத்தின் பதினேழாம் பக்கம் சொல்கிறதே என்றார் வம்சி.

அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். பதினோரு வருடத்துக்கு முன் கேப், கேன்டீன், போனஸ் என்று ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்டி இருபத்தாறில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர்கள் தலையாட்டியதும் எனக்குக் கை அரித்தது. மூட்டை எடுத்தவருக்கு ஒரு துண்டு கொசுறாகப் போடாமல் அனுப்பினால் எங்கள் அத்தாவுக்குத் தூக்கம் வராது. மேசைமேல் இருந்ததில் சல்லிக்காசு பெறாதது என்று என் கண்ணில் பட்டது நிராகரிக்கும் உரிமைதான். எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர்கள் அதைக் கேட்கக்கூட இல்லை.

இதை நான் மதிவதனியிடம் சொன்னதே இல்லை. அன்றைக்கு அவர் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன்.

"வம்சி, அது நான் சும்மா குடுத்ததுங்க. திருப்பி வாங்கிக்கறேன். வெலையச் சொல்லுங்க."

மதிவதனி என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

வம்சி மீசையைத் தடவினார். உயர்வு கிடையாது, பதவி கிடையாது, பயணம் கிடையாது, மணிக்கு இரண்டு டாலர் குறைப்பு என்றார்.

"மொதல் மூணும் எடுத்துக்கங்க. அந்த ரெண்டு டாலர் பதினாலு பேரோடது. அது வராதுங்க," என்றார் மதிவதனி.

அதற்கு மேல் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் மைக்கை அணைத்தேன். கடைசி விலை சொன்ன பிறகு பேசுகிறவன் கையில்தான் மூட்டை மிஞ்சும். நாலு நிமிடம் இரண்டு கண்டத்திலும் யாரும் பேசவில்லை. அங்கே மணி எட்டு நாற்பத்தொன்று.

வம்சிதான் முதலில் பேசினார். சரி என்றார். தொங்கி நிற்கும் வெளியீட்டைவிட, கோவை நிராகரித்தது என்ற பதிலை மேலிடத்தில் சொல்வது எளிது.

இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. கால் மணியில் மதிவதனியின் திரையில் 'நிராகரி' என்று புதிய பொத்தான் தெரிந்தது. அவர் யாரையும் கேட்கவில்லை. அமுக்கினார். வெளியீடு பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: இத்தனை வருடத்தில் அவர் வேண்டாமென்று எழுதியும் போன வெளியீடுகள் எத்தனை என்று.

உட்கார்ந்து எண்ணினேன். வேலை அறுபத்தொன்று: முடிந்தது அறுபது, நிராகரித்தது ஒன்று. வரவு, பதினாலு பேருக்கு ஒரு உரிமை. செலவு, மதிவதனியின் பதினெட்டு சதவீதம். அவர் வேண்டாமென்று எழுதியும் போன வெளியீடுகள் முப்பத்திரண்டு. பாக்கி, என் பெயரில்.