மிதிக்க ஓர் ஆள்

பிரேக்கை மிதித்தால் பஞ்சு மூட்டையில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது. பள்ளி வேன் ஓட்டுகிறவளுக்கு இதைவிடப் பயங்கரமான சங்கதி வேறில்லை. வண்டியில் பதினாலு பிள்ளைகள், முன் சீட்டில் அவளுடைய மகள். ஒரே மாதத்தில் மூன்று முறை அண்ணனின் பட்டறையில் வேனை விட்டாள். மூன்று முறையும் அண்ணன் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் சாவியைக் கொடுத்து, பிரேக் குழாயில் இருந்த காற்றை எடுத்துவிட்டதாகச் சொன்னான். கூடப்பிறந்தவனைச் சந்தேகப்படுவாளா? தன் காலைத்தான் சந்தேகப்பட்டாள்.

இன்று சிக்னலில், லாரியின் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் வேன் நின்றது. பிள்ளைகளை இறக்கிவிட்டு அடுத்த தெரு மெக்கானிக்கிடம் திருட்டுத்தனமாகப் போனாள். அண்ணனுக்குத் துரோகம் செய்கிறோமே என்று மனசு உறுத்தியது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

மெக்கானிக் நாலைந்து முறை மிதித்துப் பார்த்தார். மிதிக்க மிதிக்க பெடல் இறுகி மேலே வந்தது. காற்றுதான் என்றார். அவளை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார்.

"மிதிச்சுப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதீங்க."

"நானா?"

"கீழ ஒரு ஆள் திருகைத் திறந்து காத்தை விடணும், மேல ஒரு ஆள் மிதிக்கணும். மெஷின் இல்லாத பட்டறையில இது ஒத்தை ஆள் வேலை இல்லைம்மா."

அண்ணன் பட்டறையில் மெஷினும் கிடையாது, அண்ணனைத் தவிர ஆளும் கிடையாது.

சக்கரத்தின் பின்னாலிருந்த காற்றுத் திருகு துருவேறி அசைய மறுத்தது. அதில் ஸ்பேனர் பட்டே வருஷக்கணக்காகியிருக்கும் என்று கீழிருந்து குரல் வந்தது. ஒருவழியாகத் திறந்ததும் ஆயிலோடு குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது.

சோம்பேறித்தனம் என்றால்கூட மன்னித்திருப்பாள். ஆனால் இரண்டு வாரமாக அண்ணன் மகள் வேனில் வருவதில்லை. அத்தை வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற பிள்ளை. உடம்புக்கு நல்லது என்று சொல்லி அண்ணனே சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மிதித்த காலை எடுக்காமலே அவள் அழுதாள்.

திரும்பும்போது பெடல் கல் மாதிரி நின்றது. அண்ணன் பட்டறை வாசலில் பிரேக் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தவன் என்ன விஷயம் என்று கேட்டான்.

"பிரேக் சரியாயிடுச்சுண்ணா. நாளையிலேருந்து உன் பொண்ணை அனுப்பலாம்."

அண்ணன் துடைத்த கையையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தான்.